சேணத்து வில்லும் சிராவகர் நல்லறமும்

பாரம் இழுக்கும் விலங்கின் வருத்தத்தைக் குறைக்கும் கருவி ஒன்றைப் பூட்டிவிட்டால், அவ்விலங்கை வைத்துப் பிழைக்கும் இல்லறத்தானுடைய அகிம்சை அணுவிரதம் காக்கப்பட்டதாகுமா? கேள்வி சிறிது. ஆயினும், கருணை எது, வசதி எது என்னும் பெரிய வேறுபாடு இதனுள் அடங்கியிருக்கிறது. குதிரைச் சேணத்தில் பொருத்தப்படும் சுருள்வில்லை எடுத்துக்காட்டாகக் கொண்டு இதனைச் சிறிது ஆராய்வோம்.

குதிரை வண்டியை இழுக்கிறது என்கிறோம். உண்மையில் அது தன் மார்பாலும் தோளாலும் முன்னோக்கித் தள்ளுகிறது. மார்புப்பட்டையில் விழும் அந்த விசையை இருபுறமும் செல்லும் தோல் வார்கள் வண்டிக்குக் கொண்டு சேர்க்கின்றன. வாரும் வண்டியும் எளிதில் நெகிழாதவை. ஆகவே, நின்ற வண்டி நகரத் தொடங்கும்போதும், சக்கரம் கல்லில் மோதும்போதும், பள்ளத்தில் இறங்கி ஏறும்போதும், அவ்வதிர்ச்சி ஒரே கணத்தில் விலங்கின் உடம்பில் பாய்கிறது. வாருக்கும் வண்டிக்கும் இடையே ஒரு சுருள்வில் இருக்குமானால், அது முதலில் தான் நெகிழ்ந்து அதிர்ச்சியை வாங்கிக்கொண்டு, பின்னர்ச் சிறிது சிறிதாக விடுகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் மேலைநாட்டார் இத்தகைய இணைப்புகள் பலவற்றைச் செய்து பார்த்தனர். பிரெஞ்சு உடலியல் அறிஞர் எத்தியேன் ழூல் மாரே (1830–1904), இழுவையின் இடையே நெகிழும் பொருளை அமைத்துச் சோதித்து, அதிர்ச்சி குறைவதோடு வீணாகும் உழைப்பும் குறைகிறது என்று காட்டினார்.

இங்கே ஒன்றை மனத்திற்கொள்ள வேண்டும். வில் அதிர்ச்சியைத்தான் குறைக்கிறது; வண்டியில் ஏற்றிய பாரத்தில் ஒரு படியைக்கூட அது குறைப்பதில்லை. பாரம் எவ்வளவு என்பதை முடிவு செய்பவன் மனிதனே.

இக்கேள்வியைச் செஞ்சியிலிருந்து கேட்பதற்குப் பொருத்தம் உண்டு. செஞ்சிக் கோட்டையின் வரலாறு பெரும்பாலும் குதிரைகளின் முதுகில் எழுதப்பட்ட வரலாறு. 1677இல் சிவாஜி இக்கோட்டையைக் கைப்பற்றினார். அவர் மகன் இராஜாராம் இங்கிருந்தபோது மொகலாயப் படை 1690 முதல் 1698 வரை முற்றுகையிட்டது. 1714இல் ஆர்க்காட்டு நவாபின் படையோடு பொருது தேசிங்கு மாண்டான். அவனைப் பற்றிய கதைப்பாடலில் அவன் ஏறிய குதிரையும் ஒரு வீரனைப் போலவே போற்றப்படுகிறது. கல்யாண மகாலுக்கு அருகே, குதிரை லாயம் என்று காட்டப்படும் வளைவு அறைகளை இன்றும் காணலாம். 2025 ஜூலையில் யுனெஸ்கோ நிறுவனம், மராட்டியரின் போர்க்கோட்டைகள் பன்னிரண்டனுள் ஒன்றாக இக்கோட்டையையும் உலக மரபுச் சின்னப் பட்டியலில் சேர்த்தது. வென்றவர், தோற்றவர் ஆகிய இருதிறத்தாரின் பெயர்களும் நிலைத்தன. எவருடைய பகைக்கும் உரியவை அல்லாத குதிரைகள் எத்தனை வீழ்ந்தன என்பதை எவரும் எண்ணி வைக்கவில்லை.

அதே செஞ்சியின் வடபால் திருநாதர்குன்று இருக்கிறது. இருபத்துநான்கு தீர்த்தங்கரர்களையும் பன்னிருவர் பன்னிருவராக இரு வரிசையில் ஒரே பாறையில் செதுக்கியிருக்கும் காட்சியை நம்மவர் பலரும் வணங்கியிருப்பர். முதல் தீர்த்தங்கரரான ஆதிநாதருக்கு இலாஞ்சனம் எருது. மூன்றாம் தீர்த்தங்கரரான சம்பவநாதருக்குக் குதிரை. மனிதனுக்காக மிகுதியும் பாரம் சுமந்த இரண்டு உயிர்களை நாம் திருவடியின்கீழ் வைத்து வணங்குகிறோம். ஐம்பத்தேழு நாள் உண்ணாநோன்பிருந்து உயிர்நீத்த சந்திரநந்தி ஆசிரியரின் நிசீதிகைக் கல்வெட்டும் அக்குன்றில்தான் உள்ளது. தம் உணவுக்குத் தாமே வரம்பிட்டுக்கொண்ட மாமுனிவர் அவர். இந்த "வரம்பு" என்னும் சொல்லுக்குப் பின்னர் வருவோம்.

மேல்சித்தாமூர் மடத்தைத் தலைமையாகக் கொண்ட நம் சமுதாயம் பெரும்பாலும் உழவுத் தொழிலைச் சார்ந்தது. குதிரை நம் வீடுகளில் அரிது. எருது அன்று எங்கும் உண்டு. வசதியுடையோர் வில்வண்டி வைத்திருந்தனர். வில்வண்டியின் வில் எங்கே இருந்தது என்று எண்ணிப் பார்த்தால் ஓர் உண்மை விளங்கும். அது அச்சுக்கும் வண்டிக்கூட்டுக்கும் இடையே, அமர்ந்து செல்பவரின் இடுப்புக்கு அதிர்ச்சி எட்டாதபடி அமைக்கப்பட்டிருந்தது. நுகத்தடிக்கும் எருதின் கழுத்துக்கும் இடையே வில் இல்லை. மேடுபள்ளங்களில் கூட்டின் பாரம் துள்ளாததால் மாட்டுக்கும் சிறிது நன்மை விளைந்திருக்கலாம். ஆயினும் அது வேறொருவருக்குச் செய்த வசதியின் மிச்சமே. ஆகவே, விலங்கின் மார்பருகே ஒரு வில்லை வைக்க வேண்டும் என்று ஒருவன் எண்ணினானே, அந்த எண்ணம் போற்றத்தக்கது. அவன் தன் இருக்கையை மறந்து, வண்டியின் முன்னே நடக்கும் உயிரை நினைத்தான்.

இங்கு இருவகையினர் மறுப்புக் கூறுவர். ஒரு சாரார், "உயிரைப் பூட்டுவதே இம்சை, அப்பூட்டை மெத்தையாக்குவது பாவத்துக்குப் பட்டுப்போர்வை போர்த்துவதாகும்" என்பர். மற்றொரு சாரார், "துன்பம் குறைந்தால் போதும், அதற்குமேல் ஆராய்ச்சி எதற்கு?" என்பர்.

முதல் சாராரின் கூற்று துறவறத்துக்கு முற்றும் பொருந்தும். முனிவர் எவ்விலங்கையும் பூட்டுவதில்லை, ஊர்வதும் இல்லை. இல்லறத்தானின் நிலை வேறு. கொல்லும் கருத்தோடு செய்யும் சங்கல்ப இம்சையை அவன் அறவே விலக்க வேண்டும். உழவு முதலிய தொழிலில் தவிர்க்க இயலாது நேரும் இம்சையை இயன்ற அளவு குறைக்க வேண்டும். அணுவிரதம் என்னும் பெயரே இதனைச் சொல்கிறது. குறைப்பது கடமையாயின், குறைக்கும் கருவியை இகழ்வது முறையன்று. புண்பட்ட மார்பையுடைய குதிரைக்கு, "உன்னைப் பூட்டியதே தவறு, ஆகையால் பட்டையை மிருதுவாக்க மாட்டேன்" என்று சொல்வது தத்துவமாகலாம், தயை ஆகாது.

இரண்டாம் சாராரின் கூற்றுத்தான் நம்மை எளிதில் மயக்குவது. அதனை ஊன்றி நோக்க வேண்டும்.

தத்துவார்த்த சூத்திரம் அகிம்சை அணுவிரதத்துக்கு ஐந்து அதிசாரங்களைக் கூறுகிறது: கட்டுதல், அடித்தல், உறுப்பறுத்தல், மிகைப்பாரம் ஏற்றுதல், உணவையும் நீரையும் தடுத்தல். இவை ஐந்தும் வீட்டு விலங்குகளோடு வாழ்பவனுக்கு நாள்தோறும் நேரக்கூடியவை. இவற்றுள் நான்காவதான அதிபாராரோபணமே நம் ஆராய்ச்சிக்கு உரியது. மிகை என்பதன் எல்லை எது? வில் பூட்டிய வண்டியை இழுக்கும் குதிரை, முன்பு இழுத்ததைவிட அதிகம் இழுக்க முடிகிறது. அப்படியானால் எல்லையும் உயர்ந்துவிட்டதா?

அரசின் சட்டம் இதற்கு ஒருவகை விடை தருகிறது. 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தின்கீழ், 1965இல் இழுவை விலங்குகளுக்கும் பொதி விலங்குகளுக்கும் விதிகள் வகுக்கப்பட்டன. இருசக்கர வண்டி இழுக்கும் ஒரு குதிரைக்கு, காற்றடைத்த டயர் இல்லையேல் 500 கிலோ, டயர் இருந்தால் 750 கிலோ என்பது அவ்விதி. டயர் உராய்வைக் குறைப்பதால் அதே உழைப்பில் அதிகப் பாரம் நகரும் என்பது அதன் நியாயம். கணக்கில் பிழை இல்லை. ஆனால் டயரால் விளைந்த எளிமை யாருக்குப் போயிற்று என்று பாருங்கள். குதிரைக்குக் கிடைத்திருக்க வேண்டிய ஓய்வு, 250 கிலோ மூட்டையாக மாறி வண்டியில் ஏறிக்கொண்டது. குதிரையின் வியர்வை முன்புபோலவே இருக்கிறது; உடையவனின் வாடகைதான் உயர்ந்தது.

இது குதிரைக்கு மட்டும் நேர்ந்ததன்று. இங்கிலாந்துப் பொருளியல் அறிஞர் ஜெவன்ஸ் 1865இல், நிலக்கரியைச் சிக்கனமாக எரிக்கும் இயந்திரங்கள் வந்ததனால் நிலக்கரிச் செலவு குறையாமல் மேலும் பெருகியது என்று எடுத்துக்காட்டினார். சிக்கனத்தால் மிஞ்சியதை ஆசை உடனே விழுங்கிவிடுகிறது. வில்லானாலும் டயரானாலும், அதன் பயனைப் பெறுபவர் யார் என்பதைக் கருவி முடிவு செய்வதில்லை.

ஆசாரிய சமந்தபத்திரரின் நுண்ணறிவு இவ்விடத்தில்தான் வெளிப்படுகிறது. இரத்தினகரண்டக சிராவகாசாரத்தில், அகிம்சை விரதத்தின் அதிசாரங்களுள் மிகைப்பாரம் ஏற்றுவதைக் கூறிய அப்பெரியார், பொருளுக்கு வரம்பிடும் பரிமித பரிக்கிரக விரதத்தின் அதிசாரங்களைச் சொல்லும்போதும் அதனை மறுபடியும் வைக்கிறார். அதிவாகனம், அதாவது பேராசையால் விலங்கை அளவு கடந்து ஓட்டுதல். அதிபாரவகனம், அதாவது அளவு கடந்து சுமக்கச் செய்தல். ஒரே செயல் இரண்டு விரதங்களில் குற்றமாக நிற்பது ஏன்? விலங்கின் முதுகில் தெரியும் புண் இம்சை. அப்புண்ணுக்கு வித்து உடையவனின் உள்ளத்தில் இருக்கும் பற்று. வில் முதுகுப்புறத்தை மட்டுமே தொடும். பற்றுக்கு வரம்பிடாதவன் வில்லைப் பூட்டினால், மறுநாளே மேலும் இரண்டு மூட்டைகள் ஏற்றுவான்; ஏற்றிவிட்டு, "வில் இருக்கிறதே" என்று அமைதியடைவான். அந்த அமைதி ஆபத்தானது. இம்சையின் இலக்கணத்திலேயே பிரமாதம் என்னும் அசட்டையைச் சேர்த்தனர் நம் ஆசாரியர். குதிரைக்கு வாயில்லை, தயங்கி நிற்பதும், நுரை தள்ளுவதும், தோல் உரிவதுமே அதன் மொழி. கருவியின்மேல் பழியைச் சுமத்திவிட்டு அம்மொழியைக் கேளாதிருப்பதும் பிரமாதமே.

ஆதலின் நாம் கொள்ளத்தக்க முறை இதுவே. முதலில் பாரத்துக்கு வரம்பிடுக. பின்னர் வில்லைப் பூட்டுக. வில்லால் விளையும் எளிமை முழுவதும் விலங்கையே சேர வேண்டும். ஒரு நாளில் ஒன்பது மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கலாகாது. இடையே ஓய்வின்றி ஐந்து மணி நேரத்துக்கு மேல் நடத்தலாகாது. வெப்பம் 37 பாகையைக் கடக்கும் இடங்களில் நண்பகல் 12 முதல் 3 மணி வரை பூட்டலாகாது என்று அவ்விதிகளே கூறுகின்றன. செஞ்சிப் பாறைகளின் கோடை வெயிலை அறிந்தவர்க்கு இதன் அருமையை விளக்க வேண்டா. சட்டம் கூறுவது கடைசி எல்லை. விரதம் உடையவன் அதற்கு வெகு முன்பாகவே நின்றுவிட வேண்டும். உழைத்து ஓய்ந்த விலங்கை விற்றுவிடுவது உணவைத் தடுப்பதினும் கொடிது என்பதையும் மறத்தலாகாது.

இன்று டிராக்டரும் லாரியும் வந்துவிட்டன. இது பழங்கதை என்று சிலர் எண்ணலாம். திருமண ஊர்வலத்திலும் கடற்கரைச் சவாரியிலும் குதிரை இன்னும் இருக்கிறது. அங்கே பிழைப்புக்கு வேண்டிய பாரம்கூட இல்லை, ஆடம்பரமே பாரம். 2015இல் பம்பாய் உயர்நீதிமன்றம் அந்நகரில் உல்லாசச் சவாரிக்கான குதிரை வண்டிகளைச் சட்டப்புறம்பானவை எனத் தீர்ப்பளித்தது. மனிதனை மனிதன் இழுக்கும் கைரிக்ஷாவைத் தமிழகம் 1973இல் ஒழித்தது. ஆனால் நம் கடையிலும் களத்திலும் மூட்டை தூக்குபவரின் தோளைப் பற்றியும் இதே கேள்வி எழுகிறது. வேலையை எளிதாக்கும் பொறி ஒன்றை வாங்கித் தந்தோம். அதன்பின் அவர் முன்னதாக வீடு திரும்புகிறாரா, அல்லது முன்னினும் அதிக மூட்டை தூக்குகிறாரா? அதிபாரம் என்னும் சொல் நாற்கால் விலங்குக்கு மட்டும் உரியதன்று.

திருநாதர்குன்றின் முனிவர் வரம்பிட்டது தம் உணவுக்கு. நாமோ பெரும்பாலும் பிற உயிரின் உணவுக்கும் ஓய்வுக்கும் வரம்பிட்டு, நம் ஆசைக்கு வரம்பின்றி வாழ்கிறோம். இதனை மாற்றிக்கொள்வது துறவிக்கு மட்டும் இயல்வதன்று. வண்டியில் ஏற்றவிருக்கும் கடைசி மூட்டையைக் கீழேயே வைத்துவிடும் இல்லறத்தானுக்கும் இயலும். அவனுடைய வண்டியில் வில் இருந்தால் மிக நன்று. இல்லாவிடினும் அவன் விரதம் பழுதுபடவில்லை.

எல்லா உயிரும் இன்புற்று வாழ்க! ஜினதருமம் ஓங்குக!