கலந்துரையாடலும் ஆசிரியர் அறமும்

கல்வி என்பது ஒருவர் சொல்ல மற்றவர் கேட்பதோடு முடிந்துவிடுவதன்று. பதின்மூன்றாம் நூற்றாண்டில் நன்னூல் இயற்றிய பவணந்தி முனிவர், மாணவன் பெறும் புலமையைப் பங்கிட்டுக் காட்டியுள்ளார். ஆசிரியர் உரைத்ததை நன்கு மனங்கொண்டாலும் காற்கூறே கைவரும். உடன் கற்பாருடன் பயில்வதால் மற்றொரு காற்கூறு வரும். எஞ்சிய அரைக்கூறு தான் கற்றதைப் பிறர்க்கு எடுத்துரைப்பதனாலேயே நிரம்பும் என்பது அவர் கருத்து. இக்கணக்கின்படி கல்வியின் முக்காற்பங்கு ஆசிரியரின் வாய்ச்சொல்லுக்கு அப்பால் நிகழ்கின்றது. அவ்வாறாயின், அம்முக்காற்பங்கு நிகழும் களமாகிய கலந்துரையாடலில் ஆசிரியருக்குரிய கடமை யாது? பேசுவோரைப் பேசவிட்டு வாளாவிருத்தலா? பேசாதோரை வற்புறுத்திப் பேசுவித்தலா? இது கற்பித்தல் முறை பற்றிய வினா மட்டுமன்று. அறம் பற்றிய வினாவுமாகும்.

இவ்வினாவின் கூர்மையை 2020ஆம் ஆண்டு வெளிப்படுத்திற்று. அவ்வாண்டு மார்ச்சு மாதத்தில் கொவிட்-19 பெருந்தொற்றின் காரணமாக இலங்கைப் பல்கலைக்கழகங்கள் மூடப்பட்டன. விரிவுரைகள் சூம் முதலிய நிகழ்நிலைத் தளங்களுக்கு மாறின. ஒரே மண்டபத்தில் ஒரே வாங்கில் அமர்ந்திருந்தோர் வெவ்வேறு உலகினராயினர். பிலிமத்தலாவையில், கொழும்பு–கண்டி வீதியோரத்து அறையொன்றில் இருந்து படிக்கும் மாணவன் ஒருவனையும், மலையகத் தோட்டமொன்றின் லயத்தறையில் குடும்பத்தார் அனைவருக்கும் பொதுவான ஒரு தொலைபேசியை ஏந்தியிருக்கும் மாணவி ஒருத்தியையும் எண்ணிப் பார்க்க. இருவர் பெயரும் திரையில் ஒரே அளவான கட்டத்துள்தான் தோன்றும். ஆயின் அக்கட்டங்களின் பின்னால் உள்ள வாழ்வு ஒரே அளவினதன்று. பொஹிட்டியாவ என்னும் மலைக்கிராமத்தின் மாணவரும் ஆசிரியரும் தொலைபேசிச் சமிக்ஞையைத் தேடிக் காட்டுவழி நடந்து பாறை ஏறிய செய்தி 2021இல் உலகறிய வெளியாயிற்று. திரை காட்டும் சமத்துவம் தோற்றச் சமத்துவமே என்பதற்கு வேறு சான்று வேண்டுவதில்லை.

கலந்துரையாடலை நடத்தும் ஆசிரியர் முன் வந்து நிற்கும் முதற்சிக்கல் மௌனமாகும். மௌனம் ஒரு தன்மைத்தன்று. படியாமையால் வரும் மௌனம் உண்டு. பெரியோர் முன் பேசுதல் தகாது என்ற வளர்ப்பினால் வரும் மௌனம் உண்டு. நகைப்புக்கு அஞ்சிய மௌனம் உண்டு. சிந்தனை இன்னும் முதிராமையால் வரும் மௌனமும் உண்டு. நிகழ்நிலை வகுப்பு, இணைப்பு அறுந்ததால் வரும் மௌனம் என்னும் புதிய வகை ஒன்றையும் இவற்றோடு சேர்த்தது. வள்ளுவர் அவையறிதலுக்கும் அவையஞ்சாமைக்கும் தனித்தனி அதிகாரம் வகுத்தமை, அவையில் வாய்திறத்தல் இயல்பாக எல்லோர்க்கும் கைவருவதன்று என்பதை உணர்ந்தமையாலேயே எனலாம். வகுப்பறையில் முகத்தைக் கண்டு இம்மௌனங்களை ஓரளவு வேறுபிரித்தறியலாம். திரையிலோ எல்லா மௌனமும் ஒரே கறுப்புக் கட்டமாகிவிடுகின்றது. அக்கட்டத்தைக் கண்டவுடன் ‘இவர் பங்குபற்றவில்லை’ எனப் புள்ளியைக் குறைப்பது, வழக்கைக் கேளாமலே தீர்ப்பு வழங்குவதனோடு ஒக்கும்.

இரண்டாவது சிக்கல் மொழி. இதனை நோக்குதற்குப் பிலிமத்தலாவையே ஏற்ற இடம். அங்கிலிக்கன், மெதடிஸ்த, பப்ரிஸ்த திருச்சபைகள் ஒன்றுகூடி 1963இல் நிறுவிய இலங்கை இறையியல் கல்லூரி அங்கேதான் உள்ளது. திருப்பணியாளர்க்கான பயிற்சியைச் சிங்களத்திலும் தமிழிலும் அளித்தல் அதன் அடிப்படை நோக்கங்களுள் ஒன்று. இருமொழியாளர் ஒரே வளவில் வாழ்ந்து கற்கும் அத்தகைய நிலையத்தை நினைக்குந்தோறும் ஓர் உண்மை புலனாகும். கலந்துரையாடல் எந்த மொழியில் தொடங்குகின்றதோ, அம்மொழியை இயல்பாகப் பேசுவோர் கருத்தைத் தேடுகின்றனர். ஏனையோர் முதலிற் சொல்லைத் தேடுகின்றனர். சொல் கிடைப்பதற்குள் பொருள் கடந்துபோகின்றது. ஆங்கிலத்தில் நடைபெறும் பல்கலைக்கழக வகுப்புகளுக்கும் இது பொருந்தும். விரைவை அறிவெனக் கொள்ளும் ஆசிரியர், தாம் அறியாமலே ஒரு மொழியினர்க்கு முன்னிடம் தந்தவராகின்றார்.

மூன்றாவதும் மிக நுண்ணியதுமான சிக்கல் அதிகாரம். முன்னாளில் ஆசிரியர் ஒரு மாணவனை அமைதிப்படுத்த வேண்டின், அவன் முகத்தை நோக்கிச் சொல்ல வேண்டியிருந்தது. அச்சொல்லுக்கு வகுப்பு முழுவதும் சாட்சியாக இருந்தது. நிகழ்நிலைத் தளத்திலோ ஒரு பொத்தானை அழுத்தினால் ஒருவர் குரல் அடங்கும். இன்னொன்றை அழுத்தினால் அவர் வகுப்பிலிருந்தே நீங்குவர். வருத்தமின்றிச் செலுத்தக்கூடிய அதிகாரம் சிந்தனையின்றியும் செலுத்தப்படும். இன்னொரு மாணவரின் இனத்தையோ சாதியையோ பாலையோ இழித்துப் பேசுவோரைத் தடுத்தல் ஆசிரியர் கடமையே, அதில் ஐயமில்லை. ஆயினும் தடுத்ததற்கான காரணத்தை அனைவரும் அறியக் கூறுதலும், தடுக்கப்பட்டவர் விளக்கமளிக்க வழிவிடுதலும் அக்கடமையின் பகுதிகளாம். காரணம் கூறாத தடை ஒழுங்கை நிலைநாட்டலாம்; நியாயத்தைக் கற்பிக்காது.

இவ்விடத்து ஒரு மறுப்பு எழக்கூடும். மௌனத்துக்கெல்லாம் காரணம் தேடிக்கொண்டிருப்பின் சோம்பல் உள்ளோரும் அந்நிழலில் ஒதுங்கிக்கொள்வர். உழைத்துப் படித்து வந்து பேசுவோர்க்கு அது அநீதியாகாதா என்பதே அது. இம்மறுப்பு புறக்கணிக்கத்தக்கதன்று. பேசாதிருப்பவர் பிறருடைய உழைப்பை இலவசமாகத் துய்ப்பவராகவும் இருக்கலாம். ஆயின் இதற்குரிய மாற்று, எல்லோரையும் ஒரே நேரத்தில் ஒரே முறையில் பேசவைப்பதன்று. எல்லோரிடமும் சிந்தனையை எதிர்பார்த்து, அதனை வெளியிடும் வழிகளைப் பலவாக்குவதே மாற்றாகும். வினாவை முதல்நாளே அறிவித்தல், வாய்மொழியோடு எழுத்துமூல விடையையும் ஏற்றல், இணைப்பை இழந்தவர்க்குப் பின்னர் விடையளிக்கக் காலம் தருதல், தாய்மொழியில் கூறியதைப் பிறர் வாயிலாக எடுத்துரைக்க இடமளித்தல் ஆகியன அத்தகையன. இவ்வளவு வழிகளும் திறந்திருக்கவும் ஒருவர் எதனையும் அளிக்கவில்லையாயின், அப்போது அவரைக் குறைகூறுதல் நியாயமாகும். வாயிலைத் திறவாமல் ‘உள்ளே வரவில்லை’ என்று குற்றஞ்சாட்டுதல் நியாயமாகாது.

கலந்துரையாடலுக்கும் வாதப்போருக்கும் உள்ள வேறுபாடும் ஈண்டு நினைக்கத்தக்கது. 1873இல் பாணந்துறையில் பௌத்தருக்கும் கிறித்தவருக்குமிடையே நிகழ்ந்த புகழ்பெற்ற விவாதத்தில், திரண்ட மக்கள் யார் வென்றார் என்பதையே நோக்கி நின்றனர். சமய வரலாற்றில் அதற்குரிய இடம் பெரிது. எனினும் வகுப்பு அத்தகைய களமன்று. வாதப்போரில் எதிரியின் மௌனம் வெற்றியின் அடையாளம். கலந்துரையாடலில் எவருடைய மௌனமும் எல்லோர்க்கும் இழப்பு. லயத்தறையிலிருந்து வரவேண்டிய ஒரு கருத்து வராதபோது, அதனை இழப்பவள் அம்மாணவி மட்டுமல்லள். தோட்டத் தொழிலாளர் கூலியைப் பற்றியோ நிலவுரிமையைப் பற்றியோ அவளின்றி உரையாடி முடிக்கும் வகுப்பும் அறிவில் வறியதாகின்றது.

பெருந்தொற்றுக் காலம் கடந்து மண்டபங்கள் மீண்டும் நிறைந்துவிட்டன. ஆயினும் திரை வெளிப்படுத்திய உண்மை திரையோடு மறையவில்லை. மண்டபத்தின் பின்வரிசையிலும் ஒரு கறுப்புக் கட்டம் எப்போதும் இருந்துவந்துள்ளது. முகம் தெரிந்தமையால் அது கண்ணுக்குப் புலப்படவில்லை, அவ்வளவே. கலந்துரையாடலில் ஆசிரியரிடம் உள்ள அதிகாரம் பேசுவோர் அவர்க்கு அளித்த பரிசன்று. இன்னும் பேசாதோர் பொருட்டு அவரிடம் ஒப்படைக்கப்பட்ட பொறுப்பு. யார் நன்றாகப் பேசினர் என்பதோடு, யார் பேச இயலாது போயினர், ஏன் போயினர் என்பதையும் வகுப்பு முடிந்தபின் தம்மைத் தாமே வினவும் ஆசிரியரே அப்பொறுப்பை உணர்ந்தவராவர்.