இடறியோரும் திருச்சபையும்

அச்சத்தால் கிறிஸ்துவை மறுதலித்த ஒருவர் மனம் வருந்தித் திரும்பி வரும்போது அவரை மீண்டும் விசுவாசியாக ஏற்கலாமா என்ற வினா, கி.பி. 250ஆம் ஆண்டையொட்டி வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜ் திருச்சபையை உலுக்கியது. பேரரசின் குடிகள் ரோமத் தெய்வங்களுக்குப் பலியிட்டு அதற்குச் சான்றிதழ் பெறவேண்டும் என்று பேரரசர் டேசியுஸ் ஆணையிட்டபோது, மறுத்துச் சிறை சென்றோரும் இருந்தனர்; யாரும் வற்புறுத்துமுன்னரே பலிபீடத்துக்கு விரைந்தோரும் இருந்தனர். பணிந்தவர்கள் ‘லாப்சி’, அதாவது இடறி விழுந்தோர், எனப்பட்டனர்.

இவர்களுள் பலியிடாமலே கையூட்டுக் கொடுத்துச் சான்றிதழை மட்டும் வாங்கியோரின் நிலையே ஆழ்ந்து ஆராயத்தக்கது. சித்திரவதையில் உடல் தளர்ந்து பணிந்தவருக்கு வேதனையாவது சாட்சி சொல்லும். சான்றிதழ் வாங்கியவரோ, தம் கை பலியைத் தொடவில்லை என்று ஆறுதல் கொண்டாலும், தம் வாய் சொல்லக் கூசிய பொய்யை ஓர் ஏட்டைக்கொண்டு ஊரறியச் சொல்லவைத்தார். பலரை வீழ்த்தியது சொத்தின்மேல் கொண்ட பற்றே என்று ஆயர் சிப்ரியான் கண்டித்தார். அவரும் அப்போது தலைமறைவாக இருந்தவர்தாம். ஆயினும் மறைந்து வாழ்பவர் உடைமையை இழந்து விசுவாசத்தைக் காக்கிறார், சான்றிதழ் வாங்குபவர் விசுவாசத்தை விலையாக்கி உடைமையைக் காக்கிறார் என்பதால், அச்சம் ஒன்றேயாயினும் இரண்டையும் ஒரே தவறாக எண்ணுவது நீதியன்று. பின்னர் 258இல் சிப்ரியான் தப்பியோடாமல் வாளுக்குத் தலை கொடுத்தார்.

மறுதலித்தோரைத் திருச்சபை ஒருபோதும் மன்னிக்கலாகாது என்று ரோமில் நொவேஷியன் வாதிட்டார். துன்புற்றோரின் உறுதியை மலிவாக்கக்கூடாது என்ற கவலை மதிக்கத்தக்கதே. ஆனால் பேதுருவே மும்முறை மறுதலித்தவர் என்பதை அவ்வாதம் மறந்துவிடுகிறது. 251இல் கார்த்தேஜில் கூடிய ஆயர்கள், சான்றிதழ் வாங்கியோரை அவரவர் நிலைமையை விசாரித்து ஏற்கவும், பலியிட்டோருக்கு நீண்ட தவமுயற்சிக்குப்பின் மரணத் தறுவாயில் ஒப்புரவு அளிக்கவும் முடிவு செய்தனர். ஓரிரு ஆண்டுகளில் மீண்டும் துன்புறுத்தல் நெருங்குவதாகத் தோன்றியபோது அந்தக் கட்டுப்பாட்டையும் தளர்த்தினர். நற்கருணையால் திடம்பெறாதவர்களைப் போராட்டத்துக்கு அனுப்புவது தகாது என்பது அவர்கள் கூறிய காரணம். அதன்படி நற்கருணை வென்றவர்க்குரிய பரிசாக அல்ல, இனிமேல் நிற்க வேண்டியவர்க்கான உணவாகக் கருதப்பட்டது. இச்சலுகை, இடறிய நாள்முதல் திருச்சபையை விட்டு அகலாமல் தவமுயற்சியில் நிலைத்திருந்தோர்க்கே கிடைத்தது. உலக வாழ்வுக்கே திரும்பிவிட்டோர் இதில் சேர்க்கப்படவில்லை.