வீடு விற்றலும் காத்திருத்தலும்: ஓர் அறவியல் நோக்கு

வீடொன்றை விற்பதற்கு எவ்வளவு காலம் செல்லும் என்ற வினாவுக்குத் தரகர் கூறும் விடை ஒன்றுண்டு. காணியின் பரப்பு, கிணற்று நீரின் சுவை, ஒழுங்கையின் அகலம், உறுதியின் தெளிவு, கேட்கும் விலை ஆகியவற்றை நோக்கி மூன்று மாதமென்றோ ஒரு வருடமென்றோ அவர் மதிப்பிடுவார். இவ்விடையிற் காலம் என்பது வாங்குபவர் கிடைக்கும்வரை கழிகின்ற வெறுந் தாமதமேயாகும். அது குறையக் குறைய நன்று. ஆயின் இதே வினாவை வேறொரு வகையிற் கேட்கவும் இடமுண்டு. வாங்குபவர் பணத்தோடு படலையில் வந்து நின்றபோதும், விற்பவர் எவ்வளவு காலம் பொறுத்திருக்கக் கடமைப்பட்டவர்? யாருக்காகப் பொறுத்திருக்க வேண்டும்? யாழ்ப்பாணத்து வழமைச் சட்டமாகிய தேசவழமை இவ்விரண்டாவது வினாவையே தனக்குரியதாகக் கொண்டது.

ஒல்லாந்தத் தேசாதிபதி கொர்னேலிஸ் யோவான் சீமன்ஸ் பணித்தவாறு, யாழ்ப்பாணத்திலே நெடுங்காலம் வாழ்ந்து திசாவையாகக் கடமையாற்றிய கிளாஸ் ஐசாக்ஸ் என்பார் இவ்வழமைகளைத் தொகுத்தார். 1707ஆம் ஆண்டளவில் நிறைவுற்ற அத்தொகுப்பு, தமிழிற் பெயர்க்கப்பட்டு, முதலியார் பன்னிருவரின் ஒப்புதலையும் பெற்றது. பிரித்தானியர் 1806ஆம் ஆண்டின் 18ஆம் இலக்க ஒழுங்குவிதியால் அதற்குச் சட்டவலு அளித்தனர். காணியொன்றை அந்நியர்க்கு விற்க விரும்புபவர், தமது உரித்தாளர்க்கும் பங்காளிகளுக்கும், அக்காணியை ஈடாகப் பெற்றிருக்கக்கூடிய அயற்காணிக்காரர்க்கும் முன்கூட்டியே அறிவித்தல் வேண்டும் என்பது அதன் விதி. அறிவித்தலுக்குப் பண்டு வழங்கிய தவணைகளே ஈண்டு ஊன்றி நோக்கத்தக்கவை. அதே ஊரில் இருப்பார்க்கு ஒரு மாதம். அதே மாகாணத்தில் வேற்றூரில் இருப்பார்க்கு மூன்று மாதம். வேற்று மாகாணத்தார்க்கு ஆறு மாதம். கடல்கடந்து சென்றிருப்பார்க்கு ஒரு வருடம். அத்தவணை கழிந்தும் அவர் வாளாவிருப்பின் விற்பனை செல்லும்.

இவ்விதி விற்பனையைத் தடுக்கவில்லை. காணி விற்பது குற்றம் என்றோ குடிக்கு இழிவு என்றோ அது கூறவுமில்லை. அறியாமல் இழத்தல் என்ற ஒன்றையே அது தடுத்தது. அருகில் இருப்பவன் தன் நலனைத் தானே காத்துக்கொள்வான். வேலி பிரிக்கப்படுவதையும் அளவுச் சங்கிலி இழுபடுவதையும் கண்ணாற் காண்பான். தொலைவில் இருப்பவனோ திரும்பி வந்து, தான் பிறந்த வீட்டின் தலைவாசலில் வேறொருவர் பாய்விரித்திருக்கக் காண்பான். ஆதலின் தூரம் கூடக் கூடத் தவணையும் கூடிற்று. செய்தி செல்லவும் ஆள் வரவும் ஆகும் நாளைக் கணக்கிட்ட நடைமுறை ஏற்பாடே இது எனலாம், அது உண்மையே. எனினும் இல்லாதவனுக்கும் காலத்தில் ஒரு பங்குண்டு என்ற ஒழுக்கக் கருத்து அக்கணக்கினுள்ளே பொதிந்துகிடக்கின்றது. காணியிற் பங்கு கொடுப்பது எளிது. காலத்திற் பங்கு கொடுப்பது அத்துணை எளிதன்று.

ஒல்லாந்தர் காலத்திலேயே இத்தவணைகள் தேய்ந்தன. விற்கும் எண்ணத்தைத் தேவாலயத்திலே தொடர்ந்து மூன்று ஞாயிற்றுக்கிழமைகளில் அறிவித்தாற் போதும் என்றாயிற்று. 1947ஆம் ஆண்டின் 59ஆம் இலக்கக் கட்டளைச்சட்டம் இவ்வுரிமையைச் சகபங்காளிகளோடும் உரித்தாளரோடும் அமைத்து, அறிவித்தலை நொத்தாரிசின் கையில் ஒப்படைத்தது.

இவ்விடத்திலே பழமையைப் போற்றி நின்றுவிடுதல் எளிது, நேர்மையாகாது. முந்துரிமை என்பது அந்நியனை விலக்கும் வேலியுமாகும். யார் அந்நியன் என்ற வினாவுக்கு யாழ்ப்பாணத்துச் சாதியமைப்பு எவ்வாறு விடையளித்தது என்பதை எவரும் அறிவர். அதே தொகுப்பு அடிமைகளுக்கென ஒரு பகுதியையே ஒதுக்கியுள்ளது என்பதும் மறக்கத்தக்கதன்று. அன்றியும், காத்திருத்தலின் சுமை எல்லார்மேலும் ஒரே அளவில் இறங்குவதில்லை. சத்திரசிகிச்சைக்குப் பணம் வேண்டி நிற்பவர்க்கு ஒரு மாதம் என்பது ஒரு மாதமன்று. உரிமை கோரும் பங்காளி உண்மையில் வாங்க விரும்பாதிருந்தும், கோருவேன் என்ற சொல்லாலேயே வெளியாரை விலக்கி, விலையைத் தாழ்த்திவிடவும் கூடும். வழக்கிருக்கும் காணிக்கு யார் முற்பணம் கொடுப்பர்? இல்லாதவனைக் காக்கப் பிறந்த தவணை, இவ்வாறாக, இயலாதவளை நெருக்கும் கருவியாகின்றது.

ஆகவே வினா மேலும் கூர்மையடைகின்றது. நீண்ட காலம் நன்றோ குறுகிய காலம் நன்றோ என்பதன்று. ஒருவரின் காலத்தை மற்றவர் விலைக்கு வாங்கலாமோ என்பதே கேட்கவேண்டியது. உரோம உலகம் இதனை ஓரளவு கண்டுகொண்டது. உண்மைப் பெறுமதியின் அரைவாசிக்கும் குறைவாகக் காணியை விற்க நேர்ந்தவர் அவ்விற்பனையை மீட்கலாம் என்ற விதி, கி.பி. 285ஆம் ஆண்டில் தியோக்கிளேசியன் பேரரசன் பெயரால் வழங்கப்பட்ட ஆணையாக யஸ்தீனியனின் சட்டக்கோவையில் இடம்பெற்றுள்ளது. உரோம-ஒல்லாந்தச் சட்டத்தின் வழியாக அவ்விதி இலங்கைக்கும் வந்தது. ஐம்பத்தொரு வீதம் கொடுத்தவன் சட்டத்தின்முன் தப்பிவிடுகின்றான் என்பது அதன் குறை. தோமஸ் அக்குவைனஸ் இதனினும் நுட்பமான ஒரு வேறுபாட்டைக் காட்டினார். பொருளைப் பிரிவதால் விற்பவர்க்கு இழப்பு நேருமாயின் அவ்விழப்பையும் விலையிற் சேர்க்கலாம். ஏனெனில் அது அவருடையது. ஆனால் வாங்குபவரின் தேவை மிகுதி என்பதற்காக விலையை ஏற்றுதல் தகாது. அத்தேவை விற்பவருக்குரிய பொருளன்று. இவ்வாதத்தைத் திருப்பி நோக்குமிடத்து, விற்பவரின் அவசரமும் வாங்குபவர்க்குரிய பொருளன்று என்பது பெறப்படும். பத்து மாதம் பொறுத்திருக்க வல்லவன், பத்து நாளும் பொறுக்க இயலாதவரிடம் குறைவிலைக்கு வாங்கும்போது, தனக்குரியதல்லாத ஒன்றிலிருந்தே இலாபம் பெறுகின்றான்.

வடபுலத்தின் அண்மைக்கால வரலாறு இதனைப் புத்தகத்தினின்றும் தெருவுக்குக் கொணர்ந்தது. 1990ஆம் ஆண்டு ஒக்டோபர் மாத இறுதியில் விடுதலைப் புலிகளின் உத்தரவினால் யாழ்ப்பாண நகர முஸ்லிம்கள் இரண்டு மணித்தியாலத்துள் வீடுகளை விட்டு வெளியேற நேர்ந்தது. பின்னர் அவர்களுட் பலர் புத்தளத்திலே அகதி வாழ்விலிருந்தபடியே தம் வீடுகளை விற்றனர். 1995ஆம் ஆண்டு அதே ஒக்டோபர் மாதத்தில் வலிகாமம் முழுவதுமே ஓரிரவிலே பெயர்ந்தது. காணி விற்பனைக்கு விருப்பம் இன்றியமையாதது என்பர். அகதி முகாமிலிருந்து ஒப்பமிடுபவரின் விருப்பத்தை எவ்வாறு அளப்பது? நொத்தாரிசு கேட்கும் வினாக்களுள் அதற்கொரு வினா இல்லை.

இதனோடு மற்றொன்றும் சேர்ந்தது. பிறர் காணியைப் பத்தாண்டுகள் எதிருரிமையோடு ஆண்டுவந்தவர்க்கு அது உரித்தாகலாம் என்பது 1871ஆம் ஆண்டின் ஆட்சியுரிமைக் கட்டளைச்சட்டத்தின் வழியே வந்த நிலை. சோம்பியிருந்த உரிமையாளனுக்கு எதிராக வகுக்கப்பட்ட அவ்விதி, துரத்தப்பட்டவனுக்கு எதிராகவும் அதே நாட்களை எண்ணிற்று. 2016ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டமே 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலத்தில் தீவிரவாத நடவடிக்கைகளால் தம் உரிமையை நாட இயலாதுபோனவர்க்கு அக்காலத்தைக் கணக்கிலிருந்து நீக்க வழிசெய்தது. வழக்கிடுவதற்கு அது அளித்த அவகாசம் இரண்டு ஆண்டுகள். இல்லாதவனுக்கும் காலம் உண்டு என்ற பழைய கருத்து, மூன்று நூற்றாண்டுகளின் பின், இவ்வாறு மீண்டும் சட்டத்தினுள் நுழைந்தது.

எல்லாவற்றினும் கடினமான நிலை வேறொன்று. யாழ்ப்பாணத்து வழக்கிலே வீடு பெரும்பாலும் மகளுக்குச் சீதனமாகச் செல்வது. அது அவளுடைய தனிச்சொத்து. எனினும் தேசவழமைக்கு உட்பட்ட மனைவி தன் அசையாச் சொத்தைக் கைமாற்றுவதற்குக் கணவனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும் என 1911ஆம் ஆண்டின் 1ஆம் இலக்கக் கட்டளைச்சட்டம் விதித்தது. கணவனின் இருப்பிடம் தெரியாவிடில் மாவட்ட நீதிமன்றத்தை நாடலாம் என்றும் அது இடமளித்தது. அச்சட்டம் எழுதப்பட்ட காலத்தில், இருப்பிடம் தெரியாத கணவன் என்றால் மலாயாவுக்குச் சென்று கடிதம் எழுதாதுவிட்டவனாக இருந்திருக்கலாம்.

போரின் இறுதியிற் காணாமற்போன ஒருவனின் மனைவியை இச்சட்டத்தின்முன் நிறுத்தி நோக்குக. பிள்ளையின் படிப்புக்கோ தன் மருந்துக்கோ அவளுக்குப் பணம் வேண்டும். வீடு அவளுடையது. நியாயமான விலை கொடுக்க ஒருவர் ஆயத்தமாகவும் இருக்கின்றார். அவள் நீதிமன்றத்திலே சத்தியக்கடதாசி கொடுத்துக் கணவனின் இருப்பிடம் தெரியாது என்று கூறவேண்டும். அவன் திரும்பி வருவான் என்று ஊர்வலங்களிற் படம் ஏந்தி நிற்பவளும் அவளே. அவன் வருவானாயின் வரத் தெரிந்த முகவரி இந்த வீடு ஒன்றே. சட்டத்திடம் அவள் எதிர்பார்ப்பது விரைவு. அவளுக்குள்ளேயுள்ள கடமையோ தவணையே இல்லாத காத்திருத்தலைக் கேட்கின்றது. பிள்ளைக்குச் செய்யவேண்டியது இவ்வாண்டிலேயே செய்யவேண்டியதாகவும் உள்ளது. இவ்விரண்டில் எதைத் தெரிந்தாலும் அவளைக் குறைகூற எவர்க்கும் உரிமையில்லை. விற்கத் துணிந்தவளை மறந்துவிட்டாள் என்று பேசும் உறவினர், அவளுடைய காத்திருத்தலுக்கு ஒரு சதமேனும் கொடுத்தவர்களாய் இருப்பது அரிது.

அவளிடம் வாங்க வருபவர்க்கும் ஒரு கடமை உண்டு. அது பெரிய தியாகமன்று. அவளுடைய அவசரத்தை விலையிலே கழிக்காமல் இருத்தலும், உறுதி முடிந்த பின்னும் சிறிது காலம் அவளை அவ்வீட்டிலே இருக்கவிடுதலுமே அது. பழைய உறுதிகளிலே நிலத்தோடு வானும், வழி வாய்க்காலிலே பங்கும், கிணற்றிலே பங்கும் எல்லை குறித்து எழுதப்பட்டிருக்கும். இத்தகைய அவகாசத்தை எழுதுவதற்கு அவற்றிலே இடம் விடப்படவில்லை. வாய்ச்சொல்லாகவே அது கொடுக்கப்பட்டு வந்துள்ளது, கொடுக்கப்படாமலும் போயுள்ளது.