புள்ளடியும் நிய்யத்தும்

2006இல் கொழும்பு மாநகர சபைக்கு ஐக்கிய தேசியக் கட்சி கொடுத்த வேட்புமனு நிராகரிக்கப்பட்டது. அக்கட்சியின் யானைச் சின்னத்துக்கே போட்டுப் பழகிய நகரத்தில் வாக்குச்சீட்டில் யானை இல்லை. மூக்குக்கண்ணாடிச் சின்னத்தில் நின்ற சுயேச்சைக் குழுவுக்குப் போடச் சொன்னார்கள், கண்ணாடி வென்றது. முச்சக்கரவண்டிச் சாரதியான உவைஸ் முகம்மத் இம்தியாஸ் மேயர் ஆனார்.

கொம்பனித்தெருவில் எங்கள் வீட்டுக்கு எதிரே தையல்கடை வைத்திருந்த நானா அப்போது சொன்னார்: "புள்ளடி கண்ணாடிக்கித்தான் சேர், நிய்யத்து ஆனைக்கி."

சிரித்துவிட்டுப் போகலாம். ஆனால் நானா ஓதியவர். நிய்யத்தை, அதாவது எண்ணத்தை, வைத்துத்தான் செயலுக்குக் கூலி என்பதில் அவருக்குச் சந்தேகமே கிடையாது. கங்காராமையில் ஒரு ஹாமதுருவைக் கேட்டாலும் சேதனைதான் கர்மம் என்பார். எங்கள் சைவத்திலும் மனத்தால் செய்வது வினைதான். இந்தக் கணக்குப்படி 2006இல் வென்றது யானை. தேர்தல் திணைக்களத்தின் கணக்குப்படி கண்ணாடி. மேயர் கதிரையில் யார் இருப்பது என்பதைத் தீர்த்தது இரண்டாவது கணக்கு.

வாத்தியாராக இருந்த காலத்தில் தேர்தல் கடமைக்கும் போயிருக்கிறேன். எண்ணும்போது கோட்டுக்கு மேலே விழுந்த புள்ளடி ஒன்று வரும். கட்சி முகவர்கள் கழுத்தை நீட்டுவார்கள். சிலுவையின் இரண்டு கோடும் எந்தக் கட்டத்துக்குள் வெட்டுகின்றன என்று சீட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்போம். அரசாங்கம் வாக்காளரின் நிய்யத்தைத் தேடும் ஒரே இடம் அதுதான் என்று நினைக்கிறேன். அதையும் தாளிலேதான் தேடும், ஆளிடம் கேட்காது. கேட்கத் தொடங்கினால் பிறகு தேர்தல் எதற்கு?

ஆகவே 2025 மே 6 மாநகர சபைத் தேர்தலுக்குப் பிறகு "கொழும்பு மனம் மாறிவிட்டது" என்று எல்லாரும் சொன்னபோது எனக்கு ஒப்பவில்லை. 117 ஆசனங்களில் திசைகாட்டிச் சின்னத்தில் நின்ற தேசிய மக்கள் சக்திக்கு 48 கிடைத்தது பெரிய மாற்றம்தான். மனம் என்றால் யாருடைய மனம்? 1940இல் தொழிற்சங்கத் தலைவர் ஏ. ஈ. குணசிங்கவையும் 1954இல் சமசமாஜி என். எம். பெரேராவையும் மேயராக்கிய ஊர் இது. யாவா ஒழுங்கையிலும் கிளெனி வீதியிலும் இருந்த குடும்பங்களை மாடிவீட்டுத் திட்டங்களுக்காக எழுப்பிவிட்டார்கள்; அன்று போட்டவர்கள்தான் இன்றும் போடுகிறார்களா? இராமுழுதும் எரிந்த விளக்கில் முன்சாமத்துச் சுடரும் பின்சாமத்துச் சுடரும் ஒன்றா என்று மிலிந்த அரசனிடம் நாகசேன பிக்கு கேட்டார். அதே சுடருமல்ல, வேறு சுடருமல்ல என்பதே அங்கே முடிவு. வாக்காளர் இடாப்பைப் பற்றியும் அதற்கு மேல் சொல்ல எனக்குத் தைரியமில்லை.

ஜூன் 16இல் மேயரைத் தெரிவுசெய்யச் சபைக்குள் இரகசிய வாக்கெடுப்பு நடந்தது. திசைகாட்டியின் விராய் கெலி பல்தசாருக்கு 61, எதிர்த்து நின்ற ரிஸா சரூக்குக்கு 54, செல்லாதவை 2. 48 எப்படி 61 ஆனது? குறைந்தது 13 பேர் வேறு கட்சிகளிலிருந்தும் குழுக்களிலிருந்தும் வந்து போட்டிருக்க வேண்டும். யார் என்று தெரியாது. 2006இல் கண்ணாடிக்குப் போட்டவர்கள் தங்கள் எண்ணத்தைத் தாங்களே மடித்துப் பெட்டிக்குள் போட்டார்கள், அது அவர்களுடைய உரிமை. உறுப்பினர் கையில் இருப்பதோ எங்களிடம் வாங்கிய வாக்கு. அவருடைய நிய்யத்தை இறைவன் பார்க்கட்டும். புள்ளடியை நான் பார்க்க வேண்டும்.