நஜீஸான பிராணியும் நன்மையான காரியமும்

நாய் வாய் வைத்த பாத்திரத்தை ஏழு தடவை கழுவ வேண்டும், அதில் ஒரு தடவை மண் கலந்த தண்ணீரால் கழுவ வேண்டும் என்பதை நம் வீட்டுச் சின்னஞ்சிறு பிள்ளையும் சொல்லிவிடும். ஷாஃபிஈ மத்ஹபைப் பின்பற்றும் ஊர்களில் மத்ரஸாவில் முதலில் ஓதிக் கொடுக்கும் பாடங்களில் இது ஒன்று. ஆனால் அதே பிள்ளை மத்ரஸா விட்டு வரும் வழியில், சும்மா படுத்துக் கிடக்கும் தெருநாயின் மீது கல்லை விட்டெறிந்துவிட்டு ஓடுகிறது. பெரியவர்களாகிய நாம் பார்த்துக்கொண்டு நிற்கிறோம். நஜீஸான பிராணிதானே என்று மனதுக்குள் ஒரு சமாதானம். கழுவும் சட்டத்தைக் கிதாபிலிருந்து எடுத்தோம்; கல்லெறியும் சட்டத்தை எங்கிருந்து எடுத்தோம்?

அன்புச் சகோதரர்களே! இதை எழுதக் காரணம் உண்டு. எங்கள் மஹல்லாவில் ஒரு வாலிபர், வண்டியில் அடிபட்ட தெருநாய்களையும் சாக்கடையோரம் விடப்பட்ட குட்டிகளையும் எடுத்துச் சென்று கால்நடை மருத்துவமனையில் காட்டுகிறார். தேறியதும், வைத்துப் பராமரிக்கச் சம்மதிப்பவர்களைத் தேடி ஒப்படைக்கிறார். ஐவேளையும் ஜமாஅத்தோடு தொழுபவர். ஒரு ஜும்ஆவுக்குப் பின் என்னிடம் வந்து, “ஹஜ்ரத், நாயைத் தொடுகிறவனுக்குத் தொழுகை கூடாது, ஸஃப்பில் என் பக்கத்தில் நிற்காதே என்று ஒரு பெரியவர் சொல்லிவிட்டார். பள்ளிக்கு வருவதை விடுவதா, இந்த வேலையை விடுவதா?” என்று கேட்டார். இரண்டையும் விட வேண்டாம் என்றேன். ஏன் என்பதைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன். அந்தப் பெரியவரும் இந்தப் பத்திரிகையைப் படிப்பவர்தாம்.

முதலில் சுத்தத்தின் சட்டம். நாயைத் தொடுவதால் ஒளு முறிவதில்லை. எந்த மத்ஹபிலும் இல்லை. ஷாஃபிஈ மத்ஹபில் நாய் முழுவதுமே கடுமையான நஜீஸ் என்பது உண்மை. ஆனால் நாயின் உடலும் நம் கையும் உலர்ந்திருந்தால் நஜீஸ் ஒட்டுவதில்லை. இரண்டில் ஒன்று ஈரமாக இருந்தால், பட்ட இடத்தை மட்டும் ஏழு முறை, ஒரு முறை மண்ணோடு சேர்த்துக் கழுவ வேண்டும். ஹனஃபீ மத்ஹபில் அதன் எச்சில்தான் நஜீஸ். மூன்று முறை கழுவினால் போதும். மாலிகீ மத்ஹபிலோ நாய் சுத்தமான பிராணியே. பாத்திரத்தைக் கழுவுவது கட்டளைக்குக் கீழ்ப்படியும் வணக்கம் என்கிறார்கள். ஆகவே அந்த வாலிபர் இந்த வேலைக்கென்று ஒரு சட்டையைத் தனியே வைத்துக்கொண்டு, கைகால்களை முறைப்படி கழுவிவிட்டு ஸஃப்பில் நின்றால், அவர் தொழுகைக்கும் பக்கத்தில் நிற்பவர் தொழுகைக்கும் ஒரு குறையும் இல்லை.

இனி நன்மையின் விஷயம். தாகத்தோடு வழிநடந்த ஒருவர் கிணற்றில் இறங்கித் தண்ணீர் குடித்துவிட்டு ஏறி வந்தார். அங்கே ஒரு நாய் தாகம் பொறுக்காமல் ஈரமண்ணைத் தின்றுகொண்டிருந்தது. எனக்கு இருந்த தாகம்தானே இதற்கும் என்று நினைத்தவராக மீண்டும் கிணற்றில் இறங்கி, தம் காலுறையில் தண்ணீர் மொண்டு, அதை வாயில் கவ்விக்கொண்டு மேலேறி நாய்க்குப் புகட்டினார். அல்லாஹு தஆலா அதை ஏற்று அவருக்கு மன்னிப்பளித்தான் என்று பெருமானார் (ஸல்) அவர்கள் சொன்ன செய்தி புகாரியிலும் முஸ்லிமிலும் இருக்கிறது. முந்திய உம்மத்தின் கதை என்று இதை ஒதுக்க முடியாது. மிருகங்களுக்குச் செய்வதிலும் எங்களுக்குக் கூலி உண்டா என்று ஸஹாபாக்கள் உடனே கேட்டார்கள். உயிருள்ள ஒவ்வொன்றுக்கும் செய்வதில் கூலி உண்டு என்றே பதில் கிடைத்தது. அந்தக் காலுறையை அவர் பிறகு என்ன செய்தார் என்று ஹதீஸில் இல்லை. கழுவியிருப்பார், அல்லது வேறு வாங்கியிருப்பார். தாகத்தால் செத்த உயிரைத் திரும்ப வாங்க முடியாது.

இன்னொரு நிகழ்ச்சியை வரலாற்றாசிரியர் வாகிதீ எழுதுகிறார். ஹிஜ்ரி 8-ஆம் ஆண்டு, மக்காவை நோக்கிப் பத்தாயிரம் பேர் கொண்ட படை செல்கிறது. அர்ஜ் என்னும் இடத்துக்கு அருகே ஒரு பெட்டை நாய் குட்டிகளுக்குப் பால் கொடுத்துக்கொண்டு, படையைக் கண்டு உறுமுகிறது. நாயகம் (ஸல்) அவர்கள் ஜுஐல் இப்னு ஸுராக்கா (ரலி) அவர்களை அழைத்து, படை முழுவதும் கடந்து செல்லும் வரை அதன் எதிரே நின்று, அதற்கும் குட்டிகளுக்கும் ஒருவரும் தொந்தரவு செய்யாமல் காவல் காக்கும்படி உத்தரவிட்டார்கள். மக்காவை வெற்றி கொள்ளப் போகும் படையில் ஒரு வீரருக்கு அன்று கிடைத்த வேலை இது!

“அப்படியானால் நாய்களைக் கொல்லும்படி ஹதீஸ் இருக்கிறதே?” என்பார்கள். இருக்கிறது, பின்னர் அதைத் தடுத்த ஹதீஸும் அதே முஸ்லிமில் இருக்கிறது. தீங்கு செய்யாத நாயைக் கொல்லக் கூடாது என்பதிலேயே ஷரீஅத் நிலைபெற்றது என்ற இமாமுல் ஹரமைன் அவர்களின் கூற்றை இமாம் நவவீ (ரஹ்) எடுத்தெழுதுகிறார்கள். வெறி பிடித்ததும் கடித்துக் குதறுவதும் வேறு. அவற்றிடமிருந்து மக்களைக் காப்பது கடமை. சுப்ஹு தொழுகைக்கு இருட்டில் நடந்து வரும் முதியவரின் பயத்தை யாரும் லேசாக எண்ண வேண்டாம். உண்மையில், தெருவில் அலையும் நாய்க்குத் தடுப்பூசி போட்டு ஓர் இடத்தில் சேர்ப்பவர் அந்த முதியவருக்கும் உபகாரம் செய்கிறார்.

சரி, எங்கே சேர்ப்பது? வாலிபரின் தாயார் வீட்டுக்குள் நாய் வரக் கூடாது என்று பிடிவாதமாக இருக்கிறாராம். அந்த அம்மையார் சொல்வது சரியே. நாய் உள்ள வீட்டில் ரஹ்மத்துடைய மலக்குகள் நுழைவதில்லை என்றும், தேவையில்லாமல் நாய் வளர்ப்பவரின் நன்மையில் அன்றாடம் குறைகிறது என்றும் ஹதீஸ்கள் உள்ளன. ஆனால் இரண்டாவது ஹதீஸிலேயே விலக்கும் இருக்கிறது: கால்நடை, வேட்டை, விவசாயம். இந்த மூன்றின் காரணமும் தேவைதான் என்பதால், வீட்டையும் தெருவையும் காவல் காக்க வைத்திருப்பதும் கூடும் என்பதே சரியான கருத்து என்று இமாம் நவவீ கூறுகிறார்கள். இந்த வேலைகளுக்குப் பழக்குவதற்காகக் குட்டியை வளர்ப்பதும் கூடும். ஆக, இடம் தேடுவோருக்கு மார்க்கமே முகவரி கொடுத்துவிட்டது. தென்னந்தோப்பு, கிடை போடும் ஆட்டுக்காரர், கோழிப்பண்ணை, மரவாடி, செங்கல் சூளை. மாடி வீட்டுக் கூடத்தில் அழகுக்காக வைக்கக் கேட்பவரைவிட இவர்களையே நம் சகோதரர்கள் முதலில் தேட வேண்டும். கொடுக்கும்போது தோப்புக்காரர் சோறு வைப்பவரா, நாள் முழுவதும் சங்கிலியில் கட்டிப் போடுபவரா என்று விசாரித்துக் கொடுக்க வேண்டும். ஒரு மாதம் கழித்து ஒரு நடை போய்ப் பார்த்து வருவதும் நல்லது.

பணம் வாங்கலாமா என்றும் கேட்டார். நாயின் விலையை நாயகம் (ஸல்) தடுத்தார்கள். நம் மத்ஹபில் அந்த விற்பனை செல்லாது. ஹனஃபீகள் அனுமதிக்கிறார்கள் என்றாலும் இந்தக் காரியத்தில் சும்மா கொடுப்பதே அழகு. ஊசிக்கும் மருந்துக்கும் ஒருவர் மனமுவந்து உதவினால் அது வேறு. குட்டிக்கு மூன்று மாதமானதும் வெறிநோய்த் தடுப்பூசி, பிறகு ஆண்டுதோறும். கடித்துவிட்டால் மண், மஞ்சள், சுண்ணாம்பு எதையும் அப்ப வேண்டாம். ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். இந்த நோய் தலைக்கேறிய பின் பிழைப்பது அரிதினும் அரிது.

டில்லித் தெருநாய்கள் பற்றிய வழக்கில் 2025 ஆகஸ்ட் 22 அன்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டபோது, தத்தெடுக்க விரும்புவோர் மாநகராட்சியிடம் விண்ணப்பிக்கலாம், எடுத்த நாய் மீண்டும் தெருவுக்கு வராமல் பார்ப்பது அவர்கள் பொறுப்பு என்றது. பொறுப்பேற்றால் அது அமானிதம் என்று நமக்கு இதை எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

கடைசியாகக் கருத்தடை அறுவை. ஹனஃபீ நூல்களில், பயன் இருந்தால் பிராணிக்குக் காயடிப்பது கூடும் என்றிருக்கிறது. ஷாஃபிஈ நூல்களில், உண்ணத்தகாத பிராணிக்கு அது கூடாது என்று கடுமையாக இருக்கிறது. பெருகிய பின் கூண்டுவண்டியில் பிடித்துப் போய்க் கொன்ற காலத்தை நம் நகரங்கள் பார்த்தவை. அதைக் காட்டிலும் இது இலேசானது என்பதால் இந்தத் தேவைக்கு ஹனஃபீ சட்டத்தை எடுத்துக்கொள்ளலாம் என்பது என் கருத்து. மூத்த உலமாப் பெருமக்கள் வேறு விதமாகக் கருதினால் எழுதட்டும்.

இந்தக் கேள்வி வீண் கேள்வி இல்லை. அந்த வாலிபர் சென்ற மாதம் எடுத்த குட்டிகள் நான்கு. இரண்டு தோப்புக்குப் போயின, ஒன்றை ஆட்டுக்காரர் வாங்கிக்கொண்டார். நான்காவது பெட்டை. குட்டி போட்டுப் பெருகும் என்று எல்லாரும் வேண்டாம் என்கிறார்கள். அறுவை செய்து தருவதானால் யோசிக்கிறேன் என்று ஒரு மரவாடிக்காரர் மட்டும் சொல்லியிருக்கிறார்.