கடனும் மானமும்

“வாங்கிய கடனைத் திருப்பித் தராதவனுக்கு மானம் ஏது?”

இந்தக் கேள்வியை எழுப்பியவன் வட்டிக்காரன் அல்லன், நான்! மேலூர்ப் பக்கம், பெரியாற்றுக் கால்வாய் பாயும் சிற்றூர் ஒன்றில், எட்டாம் வகுப்பு மாணவர்க்கு வாய்மை பற்றிப் பாடம் நடத்திய நாளில் கேட்டேன். வகுப்பு முழுதும் தலையசைத்தது. ஒரு சிறுவன் மட்டும் தலைகுனிந்தான். மறுவாரம் அவன் பள்ளிக்கு வரவில்லை.

தேடிச் சென்றேன். தந்தை மல்லிகை பயிரிட்டு மாட்டுத்தாவணிச் சந்தையில் விற்பவர். மனைவியின் மருத்துவத்திற்காக 30,000 ரூபாய் கடன் வாங்கினார். நூற்றுக்கு மாதம் பத்து ரூபாய் வட்டி. மாதம் 3,000 ரூபாய் தவறாமல் கட்டினார். இருபது திங்களில் 60,000 ரூபாய் போயிற்று. முதல்? முப்பதாயிரம் முப்பதாயிரமாகவே நின்றது! அதற்கு வட்டி கட்ட வேறிடத்தில் கடன். அதைக் கட்டப் பையனும் சந்தையில் கூலி வேலை.

“மஞ்சள் கடுதாசி கொடுத்து விடலாமே ஐயா” என்றேன்.

“அதைவிடச் சாகலாம், வாத்தியாரய்யா. மானம் இருக்கிறதே!” என்றார்.

சிறுவன் என்னை நிமிர்ந்து பார்த்தான். அந்த மானத்தைப் பாடமாகச் சொன்னவன் நான்தானே!

தோழர்களே, அன்று முதல் என்னைக் குடையும் வினா இது: மானம் என்பது யாது? மடிந்தாலும் வட்டி கட்டுவதா? இயலாதவன் “இயலவில்லை” என்று மன்றத்தில் நின்று உண்மை உரைப்பது இழிவா?

கடனுக்கும் மானத்துக்கும் முடிச்சுப் போட்டவர் யார் என்று பழைய ஏடுகளைப் புரட்டுங்கள். மனுநூல் திங்களுக்கு நூற்றுக்கு இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து என்று வட்டி வகுத்தது. எதை வைத்து? கடனின் அளவை வைத்தா, கட்டும் ஆற்றலை வைத்தா? இல்லை, வருணத்தை வைத்து! மேலே இருப்பவனுக்கு இரண்டு. கீழே தள்ளப்பட்டவனுக்கு ஐந்து! தந்தை பட்ட கடனை மகன் தீர்க்காவிடில் தந்தைக்கு நற்கதி இல்லை என்றும் அறநூல்கள் அச்சுறுத்தின. அந்த அச்சம் இந்துச் சட்டத்தில் மகனின் ‘புனிதக் கடமை’ என்று அமர்ந்தது. 2005-ஆம் ஆண்டில் இந்து வாரிசுரிமைச் சட்டம் திருத்தப்பட்ட பிறகுதான், அதன்பின் பட்ட கடனுக்கு அந்தக் காரணம் ஒன்றை மட்டுமே காட்டி மகன்மீதும் பேரன்மீதும் வழக்குத் தொடுக்க முடியாது என்றாயிற்று. சட்டம் கைவிட்டதை நம் வீட்டுத் திண்ணை இன்னும் கைவிடவில்லை!

“கொடுத்த வாக்கு என்னாவது?” என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. வாக்கு காக்கப்படத்தான் வேண்டும். ஆனால், மருத்துவமனை வாசலில் மனைவியைக் கிடத்திவிட்டு நின்றவன், நூற்றுக்குப் பத்து என்றாலும் சரி என்பான், இருபது என்றாலும் சரி என்பான். அது இருவர் கூடிச் செய்த உடன்பாடா? ஒருவன் இடுக்கணை மற்றவன் விலைபேசிய வணிகமா?

இதை அரசு உணர்ந்த காலமும் உண்டு. 1938-இல் சென்னை மாகாணத்தில் உழவர் கடன் நிவாரணச் சட்டம் வந்தது. முதலைப்போல் இருமடங்கு எந்த வகையில் கட்டியிருந்தாலும் அந்தக் கடன் முழுதும் தீர்ந்தது என்றது அச்சட்டம். பழங்கடன்களில் நிலுவை வட்டியையே துடைத்தெறிந்தது. அந்த அளவுகோலால் அளந்தால், நம் மல்லிகை உழவர் இன்று கடனாளியே அல்லர்! ஆனால், அது அன்றைய உழவர் கடனுக்கு வந்த சட்டம். இவரைக் காக்க எழுந்து வராது.

காக்கக்கூடியவை எவை? 2003-இல் தமிழ்நாடு இயற்றிய கந்துவட்டித் தடைச் சட்டம் இருக்கிறது. மீட்டர் வட்டி, நாள் வட்டி, தண்டல் எல்லாம் அதன்படி குற்றம். மூன்றாண்டு வரை சிறை, 30,000 ரூபாய் வரை தண்டம். மஞ்சள் கடுதாசி என்றும் ஐ.பி. என்றும் ஏளனமாகச் சொல்கிறோமே, அது 1920-ஆம் ஆண்டின் மாகாண நொடிப்புச் சட்டம். கட்ட வழியற்றவர், கடன் 500 ரூபாயைத் தொட்டாலே, நீதிமன்றத்தில் மனுச் செய்யலாம். உள்ள சொத்தையும் உள்ள கடனையும் ஒளிக்காமல் காட்டவேண்டும். சொத்து கடன் கொடுத்தோர்க்குப் பங்கிடப்படும். பின்னர் அவர் விடுதலை கேட்கலாம். ஒளித்தவனுக்குத் தண்டனை உண்டு. உடுக்கும் துணியையும் சமைக்கும் பாத்திரத்தையும் தொழிலாளியின் கருவியையும் பறிமுதல் செய்யக்கூடாது என்று உரிமையியல் நடைமுறைச் சட்டமும் தடுக்கிறது. வறுமை குற்றமன்று, கட்ட வசதியிருந்தும் வஞ்சகமாக மறுத்தாலன்றிக் கடனுக்காகச் சிறையிடலாகாது என்று 1980-இல் உச்சநீதிமன்றமும் தீர்ப்பளித்தது.

நொடித்துப்போவதில் செல்வர்க்கு வெட்கமுண்டா என்று பாருங்கள்! 2016-ஆம் ஆண்டின் நொடிப்பு மற்றும் திவால் சட்டத்தின்படி, நிறுவனங்களின் கடனில் பெரும்பகுதியை விட்டுக்கொடுத்து வங்கிகள் கணக்கை முடிக்கின்றன. அதற்குப் பெயர் ‘தீர்வுத் திட்டம்’! அதே சட்டத்தில் ஏழைக்கும் ஓர் அத்தியாயம் உண்டு. ஆண்டு வருவாய் 60,000 ரூபாய்க்கு மேற்படாமல், கடன் 35,000-க்கு மேற்படாமல், சொந்த வீடும் இல்லாதவர்க்குப் ‘புதுத் தொடக்கம்’ தருகிறது அது. ஆனால், தனியாருக்கான பகுதியில் 2019 டிசம்பரில் நடப்புக்கு வந்தது, நிறுவனக் கடனுக்குப் பிணை நின்றவர்களுக்கு உரியது மட்டுமே. ஏழையின் புதுத் தொடக்கம் ஏட்டிலேயே உறங்குகிறது. முதலாளி நொடித்தால் தீர்வு; மல்லிகைக்காரர் நொடித்தால் மானக்கேடு! இது எந்த ஊர் அறம்?

“கடனைத் தள்ளினால் நாளை எவன் கொடுப்பான்?” என்பார்கள். இதைத் தட்டிக்கழிக்க மாட்டேன். சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தை அண்டை வீட்டாருக்கு நம்பிக் கொடுத்த கைம்பெண்ணும் கடன் கொடுத்தவர்தான். அவரை ஏமாற்றுவது புரட்சியன்று. ஆகவேதான் ஒளிவுமறைவற்ற கணக்கு வேண்டும், மன்றம் வேண்டும் என்கிறோம். நிவாரணம் மட்டும் போதாது என்பதும் உண்மை. 1951-52-இல் நடந்த அனைத்திந்திய ஊரகக் கடன் ஆய்வில், ஊரகக் கடனில் கூட்டுறவுச் சங்கங்கள் தந்தது 3.1 விழுக்காடு, வட்டிக்காரர் தந்ததோ ஏறத்தாழ 70 விழுக்காடு. கூட்டுறவும் வங்கியும் வளர்ந்தபின்னும், நள்ளிரவில் மருத்துவச் செலவென்றால் கதவு திறப்பவன் யார்? அந்தக் கதவு மாறாதவரை சட்டம் பாதி வழிதான் போகும்.

ஆனால், அந்தப் பாதி வழிக்கும் நடக்க மறுக்கிறோமே! கந்துவட்டிச் சட்டம் வந்து பதினான்கு ஆண்டுகள் கழித்து, 2017 அக்டோபரில், திருநெல்வேலி மாவட்ட ஆட்சியர் அலுவலக வளாகத்தில் கந்துவட்டிப் புகாரோடு வந்த ஒரு தொழிலாளர் குடும்பம், இரு பச்சிளம் குழந்தைகளோடு தீக்கிரையாயிற்று. சட்டம் ஏட்டில் இருந்தது. அவர்கள் பக்கம் நிற்கக் கையில்லை. 2025-இல் கடன் நிறுவனங்களின் கட்டாய வசூலைத் தடுக்கவும் தமிழ்நாட்டில் சட்டம் வந்திருக்கிறது. அதுவும் ஏட்டில் உறங்க வேண்டுமா?

இளைஞர்களே, ஊர்தோறும் படிப்பகம் வைத்திருக்கிறோம். அங்கே ஒரு மாலையை இதற்கென ஒதுக்குவோம். கடன்பட்டவர் வந்தால் கணக்கை எழுதிப் பார்ப்போம். கட்டியது எவ்வளவு, நிற்பது எவ்வளவு என்று காட்டுவோம். மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவின் படிவரை உடன் செல்வோம். மகளிர்க்கும் வருவாய் குறைந்தோர்க்கும் அங்கே வழக்கறிஞர் இலவசம்.

மல்லிகை உழவர் இன்னும் இசையவில்லை. ஞாயிறுதோறும் போய்ப் பேசி வருகிறேன். சென்றமுறை, கட்டிய தொகையை எல்லாம் மகனை விட்டு ஒரு தாளில் எழுதச் சொன்னார். அவன் கூட்டிப் போட்டான்; தந்தை அந்த எண்ணையே நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

வகுப்பில் அந்தப் பாடத்தை மீண்டும் நடத்தினேன். “உள்ளதை உள்ளபடி உரைப்பதே வாய்மை, ‘என்னால் இயலவில்லை’ என்பதும் அதில் அடங்கும். அதைச் சொல்பவனுக்கு மானம் உண்டு. அதைச் சொல்லவிடாமல் சாகடிப்பவனுக்குத்தான் இல்லை” என்றேன். ஓர் இருக்கை மட்டும் இன்னும் காலியாகவே இருக்கிறது.