பார்க்காதவருக்கு ஒரு கடல்

ஜப்பானின் பழைய தலைநகரான நாராவில், தோஷோதாய்ஜி கோயிலின் ஒரு மண்டபத்தில் கண்மூடி அமர்ந்திருக்கிறார் கன்ஜின். சணல் துணியை அரக்கில் தோய்த்து அடுக்கடுக்காக ஒட்டிச் செய்த சிலை. உயரம் 80 செ.மீ. அளவுதான். கன்ஜின் சீனாவின் யாங்சோவ் நகரத்துத் துறவி. முறைப்படி தீட்சை தர ஓர் ஆசான் வேண்டும் என்று ஜப்பானியத் துறவிகள் வந்து அழைத்தபோது, 742இல் சம்மதித்தார். ஐந்து முறை புறப்பட்டும் போய்ச் சேர முடியவில்லை. ஐந்தாம் முறை புயல் அவரைத் தெற்கே ஹைனான் தீவில் கொண்டுபோய்த் தள்ளியது. அங்கிருந்து திரும்பும் வழியில், அழைக்க வந்தவர்களில் ஒருவர் இறந்தார். கன்ஜினின் பார்வையும் போனது என்கிறது மரபு. 753இல், ஆறாம் முறை, ஜப்பானில் கரையேறினார். 763இல் அங்கேயே மறைந்தார். எந்த நாட்டுக்காக இத்தனை பாடுபட்டாரோ, அந்த நாட்டை அவர் கண்ணால் பார்க்கவே இல்லை.

சுமார் 1,200 ஆண்டுகள் கழித்து, அந்த மண்டபத்தின் தள்ளுகதவுகளிலும் சுவர்களிலும் ஓவியம் தீட்டித் தரும்படி ஓவியர் ஹிகாஷியாமா காயீயிடம் கோயில் கேட்டுக்கொண்டது. 1970களின் பெரும்பகுதி அதிலேயே கழிந்தது. பார்வை இழந்த ஒருவருக்கு எதை வரைந்து கொடுப்பது? புத்தரை வரையலாம், கன்ஜினின் வாழ்க்கைக் கதையை வரையலாம். காயீ இரண்டையும் தொடவில்லை. 1975இல் அவர் முடித்துக் கொடுத்தவை ஜப்பானின் கடலும் மேகம் தவழும் மலைகளும். அவ்வளவுதான். ஒரு மனித உருவம்கூடக் கிடையாது.

அச்சில் பார்த்தாலே அந்தக் கடல் என்னை நிறுத்திவிடுகிறது. கதவு கதவாக அலை வந்துகொண்டே இருக்கிறது. நடுவில் சில பாறைகள். கல்லை அரைத்து எடுத்த நிறங்கள் அவை. ஒரே கல்தான், பருபருவென்று இருந்தால் அடர்நீலம், நைஸாக அரைக்க அரைக்க வெளிறிப்போகும். அந்தப் பொடியைச் சிறு கிண்ணத்தில் வஜ்ஜிரப் பசை விட்டு விரலாலேயே குழைத்துத்தான் தூரிகையைத் தொடுவார்கள். தன் நாட்டுக் கடற்கரைகளில் அலைந்து அலைந்து படமெழுதிப் பழகிய பிறகே காயீ இந்தக் கதவுகளுக்கு வந்தார். பார்க்காத ஒருவருக்காகப் பார்க்கும்போது நம் கண்ணுக்குப் பொறுப்பு கூடிவிடுகிறது. 'இது என்னுடையது' என்று நீட்டிக் காட்டும் பெருமை அங்கே செல்லாது.

'ஜப்பானியம்' என்ற சொல்லை வைத்து என்னென்ன செய்யலாம் என்பதை காயீயின் தலைமுறை நன்றாகவே அறியும். 1945இல், நாற்பதை நெருங்கும் வயதில், அவரைப் படைக்கு இழுத்தார்கள். குமமோட்டோவில் வெடிகுண்டோடு டாங்கியை நோக்கிப் பாயும் பயிற்சி. ஒருநாள் கோட்டை மேட்டிலிருந்து சமவெளியையும் தொலைவில் ஆசோ மலையையும் பார்த்தபோது, இனி உயிரோடு இருக்கப்போவதில்லை, வரையப்போவதில்லை என்ற நிலையில், அந்தச் சாதாரண நிலம் ஒளிர்ந்தது என்று பின்னாளில் எழுதினார். போருக்குப் பின் வந்த அவர் ஓவியங்களெல்லாம் அந்தப் பார்வையிலிருந்து பிறந்தவை என்றே நினைக்கிறேன். நாட்டுக்காகச் சாகச் சொன்னவர்கள் காட்டிய ஜப்பான் வேறு. சாவின் விளிம்பில் அவருக்குத் தெரிந்த ஜப்பான் வேறு.

ஆனால் ஒரு கேள்வி என்னை விடுவதில்லை. 1937 டிசம்பரில் ஜப்பானியப் படை யாங்சோவைப் பிடித்தது. கன்ஜினின் அதே ஊர். அப்படியிருக்க, மனிதரே இல்லாத மலையும் கடலும் அந்தக் கணக்கைத் தட்டிக் கழிப்பதாகாதா? அழகு பல நேரங்களில் நல்ல மறைவிடம்.

இதற்கு காயீ வாயால் சொன்ன பதிலை நான் தேடவில்லை. அடுத்து என்ன செய்தார் என்பதைப் பார்க்கிறேன். ஜப்பானும் சீனாவும் 1972இல்தான் தூதரக உறவுக்குத் திரும்பியிருந்தன. 1976 முதல் சீனாவுக்குப் போய்ப் போய் வந்தார். நிறத்துக்குப் பேர்போனவர், எழுபதை எட்டும் வயதில் நிறத்தைக் கீழே வைத்துவிட்டு, சீனத்தின் கறுப்பு மையைக் கையில் எடுத்தார். 1980இல் மூன்று நிலங்கள் முடிந்தன: விடியல் மேகத்தில் ஹுவாங்ஷான் மலை, நிலவொளியில் குய்லின், காற்றில் வில்லோ மரங்கள் அசையும் யாங்சோவ். இதில் குய்லின், ஹைனானிலிருந்து திரும்பும்போது கன்ஜின் தங்கிய ஊர். பார்வை இருந்த காலத்தில் அவர் கண்டது. 1980 ஏப்ரலில் கன்ஜினின் சிலையே யாங்சோவுக்குப் போய்வந்தது.

மண்டபத்தில் எது எங்கே இருக்கிறது என்று கவனித்தால்தான் காயீயின் மனம் பிடிபடுகிறது. ஜப்பானின் கடலும் மலையும் வேறு அறைகளில் இருக்கின்றன. சிலை இருக்கும் அறையைச் சுற்றி நிற்பது யாங்சோவ். ஜப்பானியர் போற்றும் ஒரு புனித இடத்தின் நடுவில் அயல்நாட்டு ஊர் ஒன்றை வைத்தார், அதுவும் தன் நாட்டுப் படை மிதித்த ஊரை. பிறகு 1981இல், சிலையை வைக்கும் பேழையின் உட்புறத்தில் இன்னொரு படம் வரைந்தார்: கன்ஜின் கரையேறிய அகிமே விரிகுடா. இந்த வரிசையை அவர் யோசிக்காமல் அமைத்திருப்பார் என்று நான் நம்பவில்லை.